மூன்றாவது கைக்கு ஒரு வளையல்

"ரெண்டு நிமிஷம் சார். இதோ வந்துட்டேன். பதறாதீங்க."

சொன்னவன் லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தை விட்டு வெகுதூரம் தள்ளி, நெடுஞ்சாலையில், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் அவன் பார்த்துக்கொள்ளும் எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவன் செல்போன்தான் அடிக்கும். அவன் இன்று லீவு என்பது லிஃப்டுகளுக்குத் தெரியாது. கூட்டாளியை இன்னொரு லைனில் பிடித்து, ஓடு என்றான். திரும்பவும் மாட்டிக்கொண்டவரிடம் வந்தான்.

"படியில ஏறிட்டிருக்கேன் சார். கதவைத் தட்டாதீங்க, கை வலிக்கும்."

பக்கத்து இருக்கையில் இருந்த மனைவி ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "படியில ஏறுறியா? மூச்சே வாங்கலையே."

"தொழில் அப்படி. உள்ள இருக்கறவங்ககிட்ட ஒரு மணி நேரம் ஆகும்னு சொன்னா கதவைப் பேத்துடுவாங்க. ரெண்டு நிமிஷம்னா சமத்தா நிப்பாங்க."

"தெரியும். நானும் உள்ள நின்னிருக்கேன்."

அது உண்மை. அவள் வேலை பார்த்த போட்டோ ஸ்டூடியோ இருந்த கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் நின்றது. கதவுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் 'ரெண்டு நிமிஷம், ரெண்டு நிமிஷம்' என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தது. சினிமா பேசியது, ஜோக் சொன்னது. கதவு திறந்ததும் 'உங்க கடிகாரத்துல ஒரு நிமிஷத்துக்கு எத்தனை செகண்டு?' என்று கேட்டாள். அப்படித்தான் காதல் வந்தது. கல்யாணமும்.

அப்புறம் சுண்டு வந்தாள். யார் விரலை நீட்டினாலும் சுண்டுவிரலை மட்டும் பார்த்துப் பிடிப்பாள். அதனால் அந்தப் பெயர். வைத்த பெயர் பர்த் சர்ட்டிபிகேட்டில் மட்டும் இருந்தது.

ஒன்றரை வயதில் காய்ச்சல். ஆஸ்பத்திரி. காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது, கைவிட்டுப் போகிறது என்று டாக்டர் அவனைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்துச் சொன்னார். அவன் உள்ளே வந்தான். தூங்காமல் கண் சிவந்து உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான். வாயில் அந்தத் தொழில் பேச்சுதான் வந்தது.

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிடலாமாம். நீ போய்த் தலைக்குக் குளிச்சிட்டு வா."

அவள் நம்பினாள். போனாள். ஷாம்பூ போட்டு, நிதானமாகக் குளித்தாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது கட்டிலில் போர்வையை முகம் மூடும் வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார்கள்.

அது மழைக்காலம். இப்போது வெயிலும் வந்துவிட்டது. அவள் அதற்குப்பிறகு தலைக்குக் குளிக்கிறபோதெல்லாம் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். குழாய் இரைச்சலில் கேட்காது என்று நினைக்கிறாள். கேட்கிறது.

செல்போன் மறுபடி அடித்தது. இந்தமுறை அவனுடைய அக்கா.

"தம்பி, கோயிலுக்குப் போய்ச் சேந்தாச்சா? நான் வாங்கிக் குடுத்த வளையலை மறக்காம அந்த அம்மனோட மூணாவது கையில போடச் சொல்லு. அடுத்த வருஷமே தொட்டில் கட்டலாம். எங்க ஆபீஸ்ல ஒருத்திக்கு ரெட்டைக் குழந்தை."

"சரிக்கா."

"அவ பக்கத்துல இருக்காளா? ஸ்பீக்கர்லயா போட்டிருக்கே? அறிவு இருக்கா உனக்கு?"

வைத்துவிட்டாள். மனைவி கோபப்படவில்லை. காரின் டேஷ்போர்டு அறையைத் திறந்து, அக்கா கொடுத்த புது வளையல் டப்பாவை உள்ளே போட்டு மூடினாள். பிறகு கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மடியில் வைத்தாள்.

அவன் பார்த்தான். கார் லேசாகத் தடுமாறியது.

சின்ன வெள்ளி வளையல். ஓரத்தில் நசுங்கியிருக்கும். பால்பல் முளைக்கிற நேரத்தில் சுண்டு கடித்துக் கடித்து வந்த நசுங்கல். ஜோடியில் ஒன்று சுண்டுவோடு போய்விட்டது. ஊசி போடுவதற்காக நர்ஸ் கழற்றிக் கொடுத்த மற்றொன்று இது.

"இதையா போடப் போறே?"

"இதைத்தான். வீட்டுல வச்சுக்கவும் முடியல, தூக்கிப் போடவும் முடியல. அதே மாதிரிதான் நீயும்." அவள் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "உன்னைப் பாத்தா அந்த ஈரத்தலை ஞாபகம் வருது. விட்டுட்டுப் போகலாம்னா காலு நகர மாட்டேங்குது. என்னால முடிவு பண்ண முடியல. அதனால அவகிட்ட விட்டுட்டேன். அம்மன் இதை வாங்கிக்கிட்டா உன்கூட வீட்டுக்கு வர்றேன். வாங்கிக்கலன்னா பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விடு. அண்ணன் வீட்டுக்குப் போயிடறேன்."

"போனா?"

"போனா போனதுதான்."

டிக்கியில் அவள் வைத்த பெட்டி ஏன் அவ்வளவு கனமாக இருந்தது என்று அவனுக்கு இப்போது புரிந்தது.

பாறை, படுத்திருக்கும் யானை மாதிரி இருந்தது. அடிவாரத்தில் தொல்பொருள் துறையின் நீலப் பலகை. அதில் 'சமணத் துறவியர் தங்கிய குகை. பிற்காலத்தில்' என்பது வரைக்கும்தான் படிக்க முடிந்தது. மிச்சத்தின் மீது பூக்காரம்மா மாலைகளை வரிசையாக மாட்டியிருந்தாள்.

"அக்கா, பலகையை மறைச்சுட்டீங்களே," என்றான்.

"படிக்க வர்றவங்க யாரு, பூ வாங்க வர்றவங்க யாருன்னு எனக்குத் தெரியாதா? நீ பூ வாங்கு." அவள் பார்வை மனைவியின் கையிலிருந்த வளையலுக்குப் போனது. "அந்தக் கைக்கா கண்ணு? ரொம்பச் சின்னதா இருக்கே. பெரிய பொம்பளை வளையல் போட்டா நழுவிடும், கைக்குழந்தை வளையல் போட்டா ஏறாது. நாலு வயசுப் பிள்ளை அளவு வேணும். என்கிட்ட இருக்கு."

"வேண்டாம்மா. இதுதான்."

பூக்காரம்மா ஊரில் அழுத முகங்களை நிறையப் பார்த்தவள். மேற்கொண்டு வியாபாரம் பேசவில்லை. ஒரு முழம் பூவை மட்டும் அளந்து கொடுத்தாள்.

படியேறினார்கள். குகைக்கு முன்னால் பாறை கூரைபோல நீண்டு நிழல் விழுந்த இடத்தில், தரையில் நீளநீளமாகப் படுக்கைகள் வெட்டியிருந்தன. கல்லிலேயே தலையணைத் திட்டு. வழவழவென்று தேய்ந்து, ஒரு ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி.

குகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பூசாரி நிமிர்ந்தார். ஒல்லியான உடம்பு, காதில் செருகிய பேனா, பேச ஆள் கிடைத்த சந்தோஷம்.

"உக்காருங்க, உக்காருங்க. குளுகுளுன்னு இருக்கும். அந்தக் காலத்துச் சமண முனிவங்க படுத்த இடம். சாகற நேரம் வந்துடுச்சுன்னு தெரிஞ்சா சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திட்டு, இதுலதான் படுப்பாங்களாம். அதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிக்குவாங்களாம். போய்ட்டு வர்றேன், தப்பு ஏதும் பண்ணியிருந்தா மன்னிச்சுக்கங்கன்னு."

"சொல்லிட்டா போனாங்க?" என்று கேட்டாள் மனைவி.

"சொல்லிட்டுத்தான்."

"குடுத்து வச்சவங்க," என்றாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அவன் செருப்பைக் கழற்றுவதுபோலக் குனிந்துகொண்டான்.

உள்ளே கருவறை, பாறையைக் குடைந்து எடுத்த ஒரு சதுரம். பச்சைப் பட்டுக்குள் அம்மன். ஆளுயரம் இருக்கும். வலது கையில் ஏதோ பழக்கொத்து. இடது கை இடுப்போரமாகப் புடவைக்குள் மறைந்திருந்தது. நெஞ்சுக்குக் கீழே, கொசுவத்துக்கு மேலே, பட்டின் மடிப்புகளுக்கு நடுவிலிருந்து சின்னதாக ஒரு மூன்றாவது கை, விரலை விரித்துக்கொண்டு மேலே நீண்டிருந்தது. அதில் ஒரே ஒரு வளையல்.

"கேட்டதைக் குடுக்கற கை," என்றார் பூசாரி. "மத்த ரெண்டு கையும் உலகத்துக்கு. இது பொம்பளைங்களுக்குன்னே."

மனைவி கண்ணைச் சுருக்கினாள். ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துவது அவள் வேலை. மூடிய கண்ணைத் திறந்துவைப்பாள், ஒடிந்த காலரை நிமிர்த்துவாள். ஒரு கை எந்தத் தோளிலிருந்து வருகிறது என்பது அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அந்தக் கை தோள்ல இருந்து வரலையே," என்று கணவனிடம் முணுமுணுத்தாள். "யாரோ வேற படத்துல இருந்து வெட்டி ஒட்டின மாதிரி இருக்கு."

பூசாரிக்குக் காது கூர்மை. சட்டென்று பேச்சை மாற்றினார். "வளையல் குடும்மா. அபிஷேகம் பண்ணும்போது போட்டுப் பாக்கறேன். ஏறிடுச்சுன்னா அம்மா வாங்கிக்கிட்டான்னு அர்த்தம். ஏறலன்னா திருப்பித் தந்துடுவேன். மனசு கஷ்டப்படக் கூடாது, சரியா?"

அவள் கொடுத்தாள். திரை விழுந்தது. உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம். நாலு சொம்புதான் ஊற்றியிருப்பார், 'படக்' என்று ஒரு சத்தம், குகை இருட்டானது.

திரைக்குள்ளிருந்து பூசாரியின் தலை நீண்டது. "தம்பி, சட்டைப் பையில டெஸ்டர் வச்சிருக்கியே, கரண்டு வேலை தெரியுமா?"

"தெரியும்."

"காலைக் கழுவிட்டு உள்ள வா. புண்ணியமாப் போகும்."

அவன் போனான். வாசலோரம் ஒரு பழைய ஒயர் ஈரத்தில் ஊறி, ஜாயின்ட் பிரிந்து கிடந்தது. மெயினை அணைத்தான். வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு ஒயரைச் சீவினான், முறுக்கினான், டேப்பைச் சுற்றினான். மெயினைப் போட்டான்.

விளக்கு எரிந்தது.

திரும்பினான். அப்படியே நின்றுவிட்டான்.

பட்டு இல்லாத அம்மன். ஈரக் கருங்கல். இடது இடுப்பில், இடது கையின் அணைப்பில், ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தது.

எண்ணெயும் தண்ணீரும் பட்டுப் பட்டு முகம் தேய்ந்துபோய் வெறும் உருண்டையாக இருந்தது. ஒரு காது மட்டும் மிச்சம். இரண்டு குண்டுக் கால்கள் அம்மாவின் இடுப்பைக் கவ்வியிருந்தன. அதன் ஒரு கை மேலே, மேலே, அம்மா வலது கையில் பிடித்திருந்த மாங்கொத்தை நோக்கி நீண்டிருந்தது. அந்தக் கைதான் மூன்றாவது கை.

அம்மன் தலைக்கு மேலே, சுவரில், விளக்குப் புகை படிந்த சிற்பமாக ஒருவர் சம்மணம் போட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார்.

"பாத்துட்டியா?" என்றார் பூசாரி. வியப்பில்லாத குரல். "மேல இருக்கறது சமணசாமி. வெளியில கேட்டா அம்மனோட அப்பான்னு சொல்லுவோம். இது அவங்க குகை. இவளும் அவங்க கும்பிட்ட பெண் தெய்வம், இயக்கியம்மன்தான். அவங்க போனப்புறம் நாங்க வந்தோம். எவனோ ஒரு முப்பாட்டன் குழந்தை மேல புடவையைப் போத்திக் கட்டினான். கை மட்டும் வெளியில வந்துச்சு. ஜனங்க மூணாவது கைன்னாங்க. அப்படியே நின்னு போச்சு. பூசாரி வீட்டுல எல்லாருக்கும் தெரியும்."

"சொல்லக் கூடாதா?"

"சொன்னா மூணாவது கை போயிடும். வர்ற பொண்ணுங்க எதைப் பாத்து வேண்டும்?"

கையில் ஏற்கெனவே இருந்த வளையலைப் பூசாரி கழற்றினார். சுண்டுவின் வளையலை எடுத்தார். விரித்த கல்விரல்களில் மாட்டி மெல்லத் தள்ளினார். விரல் கணுவில் நின்றது. எண்ணெய் தடவித் திருகினார். நகரவில்லை.

"நான் பாக்கறேன்," என்றான். வாங்கிக்கொண்டான்.  கல் ஈரமாக, கூடவே விளக்குச் சூட்டில் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. தள்ளினான். கொஞ்சம் அழுத்தினால் வெள்ளி வளையும். வளைந்தால் பல் பட்ட நசுங்கல் போய்விடும். விட்டுவிட்டான்.

"ஏறாது தம்பி. உங்க பிள்ளை இதைவிடச் சின்னது போல."

"ஒன்றரை வயசு."

"இப்ப?"

அவன் வளையலின் நசுங்கலை விரலால் தடவினான். பூசாரிக்கு அதுவே போதுமாக இருந்தது. மேலே சமணசாமியின் மூடியிருந்த கண்களை ஒருதரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு பண்ணலாம். கறுப்பு நூல்ல மணிக்கட்டோட கட்டிடறேன். வெளியில இருந்து பாத்தா போட்ட மாதிரியே இருக்கும். எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கேன். மனசு ஆறட்டுமேன்னு. பாவமில்ல."

நூல். அவ்வளவுதான். நூலைக் கட்டினால் அவள் வீட்டுக்கு வருவாள். டிக்கியிலிருக்கும் பெட்டி மறுபடி பரணுக்குப் போகும். குழாய்ச் சத்தத்துக்கு நடுவே அழுதாலும் அவன் வீட்டுக் குழாயிலேயே அழுவாள்.

பூசாரி நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினார்.

"ஆச்சா?" திரைக்கு வெளியிலிருந்து அவள் குரல்.

"ரெண்டு நிமிஷம்," என்றான் அவன். யோசிக்காமல் வந்துவிட்டது.

  அன்று 'ரெண்டு நாள்', இன்று 'ரெண்டு நிமிஷம்'. இதற்காகத்தான் அவள் பெட்டி கட்டியிருந்தாள்.

"வேண்டாம் பூசாரி. கட்டாதீங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சா கட்டச் சொல்லிடுவேன். குடுங்க."

திரை விலகியபோது அம்மன் மறுபடி பட்டுக்குள் இருந்தாள். மூன்றாவது கை வெறுமையாக இருந்தது. மனைவி அதைத்தான் முதலில் பார்த்தாள். பிறகுதான் அவன் உள்ளங்கையை.

"ஏறல," என்றான்.

அவள் வளையலை எடுத்துக்கொண்டாள். வெளியே வந்து கல் படுக்கையில் உட்கார்ந்தாள். அவன் பக்கத்துப் படுக்கையில் உட்கார்ந்தான். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம் இருந்தது.

"அது அம்மனோட கை இல்ல," என்றான். "இடுப்புல ஒரு குழந்தை இருக்கு. புடவைக்குள்ள மூடியிருக்காங்க. அதோட கைதான் வெளியில தெரியுது. உன் கண்ணு தப்பல."

அவள் திரும்பினாள். "என்னைச் சமாதானம் பண்றியா?"

"இல்ல."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"முகமில்ல. தேஞ்சு போச்சு. ஒரு காது இருக்கு."

"என்ன பண்ணுது?"

"அம்மா கையில மாங்கா இருக்கு. அதைப் பறிக்கப் பாக்குது. எட்டல."

"சின்னதா?"

"நம்ம சுண்டுவைவிடப் பெருசு. மூணு, நாலு வயசு இருக்கும்."

"அதான் ஏறல."

"அதான்."

அவள் வளையலைத் தன் விரல்கள் மூன்றில் மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூசாரி வேற ஏதோ சொன்னாரே. உள்ள குசுகுசுன்னு பேச்சு கேட்டுச்சு."

"நூல்ல கட்டித் தர்றேன்னார். போட்ட மாதிரி தெரியும்னார்."

"கட்டியிருந்தா நான் வீட்டுக்கு வந்திருப்பேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"ம்."

அவள் குகைப் பக்கம் திரும்பிப் பார்த்துச் சொன்னாள். "பொய் சொல்றவன்னா ஏறிடுச்சுன்னு சொல்லியிருப்பே. அப்ப அந்தக் குழந்தையும் நிஜம்தான்." குரல் முதல்முறையாக உடைந்தது. "அன்னிக்கு இந்த மாதிரி சொல்லியிருந்தா நான் குளிக்கப் போயிருக்க மாட்டேன்."

"ஆமா."

"அம்மனைப் பாரு. எத்தனை நூறு வருஷமோ, இடுப்புலயே வச்சிருக்கா. புடவையைப் போத்தி மறைச்சாங்க, அப்பவும் கீழ விடல. நான் தலைக்குக் குளிக்கறதுக்காக இறக்கி வச்சுட்டுப் போனேன்."

"நான்தான் இறக்கி வைக்கச் சொன்னேன்."

அவள் மறுக்கவில்லை. அழுதாள். குழாய் இல்லாத இடம், அதனால் நன்றாகவே கேட்டது. குகை அதை ஒருமுறை திருப்பிச் சொன்னது. பூசாரி துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஏற்கெனவே பெருக்கிய பக்கமே மறுபடி பெருக்கப் போனார்.

பஸ் ஸ்டாண்டில் பெட்டியை இறக்கிக் கொடுத்தான்.

"நான் இப்ப உண்மையைத்தானே சொன்னேன்," என்றான். கெஞ்சுகிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தான். ஆகிவிட்டது.

"சொன்னே. அதனாலதான் கோவத்துல போகல. சொல்லிக்கிட்டுப் போறேன்." அவள் அவன் சட்டைப் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த டெஸ்டரை உள்ளே தள்ளிவிட்டாள். "நேரத்துக்குச் சாப்பிடு. உன் அக்கா கேட்டா என்மேல பழி போட்டுக்கோ, அவங்களுக்கும் பேச ஒண்ணு வேணும்."

"எப்ப வருவே?"

அவள் வாயைத் திறந்தாள். ஏதோ ஒரு பதில் வந்து நாக்கிலேயே நின்றது. மூடிக்கொண்டாள்.

"தெரியல," என்றாள். "வருவேனான்னும் தெரியல."

பஸ் கிளம்பியது. ஜன்னலோரத்தில் அவள் கை தெரிந்தது. மூன்று விரல்களில் இன்னும் அந்த வளையல் இருந்தது. பஸ் திரும்பிய பிறகும் அவன் அங்கேயே நின்றான், பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டும் வரைக்கும்.

காரில் ஏறி உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். திருப்பவில்லை.

செல்போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் ஏதோ ஒரு லிஃப்டின் சிவப்புப் பொத்தான்.

"ஹலோ, ஏம்ப்பா, லிஃப்ட் நின்னு போச்சு. நான் ஒருத்தன்தான் உள்ள இருக்கேன். ஒரே இருட்டு." வயதானவர் குரல். "வர எவ்வளவு நேரமாகும்?"

வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. 'ரெண்டு' என்பது வரை வந்தது.

"தெரியல சார்," என்றான். "நான் ரொம்பத் தூரத்துல இருக்கேன். வேற ஆளை அனுப்பறேன். நேரமாகும். வர்ற வரைக்கும் லைன்லயே இருக்கேன்."

"தெரியலன்னா என்னய்யா அர்த்தம்? ஒரு மனுஷன்கிட்ட இப்படியா சொல்லுவாங்க?"

 ஸ்டீயரிங்கின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். லைன் திறந்தே இருந்தது.  பிறகு பெரியவரின் குரல் வந்தது, அதட்டல் எல்லாம் போய், குழம்பிப்போய்.

"ஏம்ப்பா... உள்ள மாட்டிக்கிட்டது நான். நீ எதுக்கு அழறே?"